‘பாகம் 2’ வருது... வருது... எப்போ வரும்?

சென்னை:

ராஜா அண்ணாமலைபுரம் துர்காபாய் தேஷ்முக் ரோடு வழியாக தினமும் ஆபீஸ் போகிறவர்களுக்கு ஒரு கேள்வி. அங்கே டாக்டர் எம்.ஜி.ஆர். ஜானகி மகளிர் கல்லூரி இருக்கிறதே, அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது?

பெரியவர்கள் டக்கென்று சொல்லிவிடுவார்கள். சத்யா ஸ்டூடியோ! எம்.ஜி.ஆரின் சொந்த ஸ்டூடியோ.

இன்றைக்கு தமிழ் சினிமாவைப் பிடித்து ஆட்டுகிறதே ‘இரண்டாம் பாகம்’ என்ற பைத்தியம், அதற்குப் பிள்ளையார் சுழி போட்டவரும் இந்த ஸ்டூடியோ முதலாளிதான்.

1973-ம் ஆண்டு மே 11-ந் தேதி ‘உலகம் சுற்றும் வாலிபன்’ ரிலீஸ் ஆனது. எம்.ஜி.ஆர். தி.மு.க.வை விட்டு வெளியேறி புதுக்கட்சி தொடங்கி ஏழு மாதம்கூட ஆகவில்லை. சென்னையில் போஸ்டர் வரியை ஏற்றிவிட்டார்கள். ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? ஸ்டிக்கர் அடித்து பஸ், கார், சைக்கிள் என்று கண்ட இடத்தில் ஒட்டித் தள்ளினார்கள். அண்ணாசாலை தேவி பாரடைசில் படம் பிய்த்துக்கொண்டு ஓடியது.

படம் முடிகிற இடத்தில் ஓர் அறிவிப்பு வரும். அடுத்த படம் ‘கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு’ என்று. கதையில் விஞ்ஞானி முருகனின் தம்பி ராஜு, சி.பி.ஐ. அதிகாரி. அந்த ராஜு அடுத்து ஆப்பிரிக்கா போகப் போகிறார்!

போனாரா? போகவில்லை. 1977-ல் எம்.ஜி.ஆர். கோட்டைக்குப் போய்விட்டார். முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு ஆப்பிரிக்கா போய் சண்டை போட நேரம் ஏது? 2018-ல் அதே தலைப்பில் அனிமேஷன் படம் எடுக்கப் போவதாக விழா நடந்தது. ரஜினி, கமல் இருவரும் வந்து வாழ்த்தினார்கள். அதோடு சரி.

ஆக, தமிழ் ரசிகன் ஏமாந்த முதல் ‘பாகம் 2’ இதுதான்.

ஆவி கொண்டுவந்த இரண்டாம் பாகம்

சொன்னபடி வந்து சேர்ந்ததில் பழசு என்றால் ‘ஜப்பானில் கல்யாணராமன்’. 1979-ல் கமல் நடித்த ‘கல்யாணராமன்’ ஓடு ஓடென்று ஓடியது. ஆறு வருஷம் கழித்து, 1985-ல் ஜப்பான் போனார்கள்.

அதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் படத்திலேயே தெத்துப்பல் கல்யாணம் செத்துப்போய், தம்பி ராமன் உடம்பில் புகுந்துகொள்வான். இரண்டாம் பாகத்துக்கும் அந்த ஆவிதான் கை கொடுத்தது. ஆவி விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

அதற்குப் பிறகு ரொம்ப நாள் யாரும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. காரணம் சுலபம். அந்தக் காலத்துப் படத்தில் கடைசியில் கல்யாணம் நடக்கும். இல்லாவிட்டால் ஹீரோ செத்துவிடுவார். ‘சுபம்’ அல்லது ‘வணக்கம்’ போட்டு விளக்கைப் போட்டுவிடுவார்கள். கதை தீர்ந்தது.

பிடித்த படத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்றால் பழைய படத்தையே திரும்பப் போடுவார்கள். மந்தைவெளி கபாலி தியேட்டர், லஸ் காமதேனு தியேட்டர் என்று பக்கத்திலேயே கொட்டகைகள் இருந்தன. இரண்டுமே இன்று தியேட்டராக இல்லை. ரசிகர்கள் பத்தாவது தடவை பார்த்தாலும் முதல் தடவை மாதிரி விசில் அடிப்பார்கள். எம்.ஜி.ஆர். ரசிகருக்கு ஒவ்வொரு புதுப்படமுமே போன படத்தின் அடுத்த பாகம்தானே! பாத்திரத்தின் பெயர்தான் மாறும். ஆள் அதே ஆள், அதே நல்லவர்.

ஒரே வருஷத்தில் எட்டு!

இப்போது கதை வேறு. 2018-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘கலகலப்பு 2’, ‘கோலி சோடா 2’, ‘தமிழ்ப்படம் 2’, ‘விஸ்வரூபம் 2’, ‘சாமி ஸ்கொயர்’, ‘சண்டக்கோழி 2’, ‘2.0’, ‘மாரி 2’. எனக்கு ஞாபகம் வந்தவரை எட்டு.

இத்தனை எட்டிலும் முதல் பாகத்தை விட நன்றாக இருந்தது எது என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். சண்டையே வந்துவிடும். ஆனால் ‘சாமி’ 2003-ல் வந்தபோது ஆறுச்சாமிக்குக் கிடைத்த கைதட்டல் 2018-ல் கிடைக்கவில்லை என்பதில் யாருக்கும் சண்டை வராது.

அப்படியானால் ஏன் எடுக்கிறார்கள்?

பணம் போடுகிறவன் பக்கம் இருந்து பாருங்கள். புதுக்கதை, புதுத்தலைப்பு என்றால் அது என்ன படம் என்று ஜனங்களுக்குச் சொல்லவே பாதிப் பணம் போய்விடும். தலைப்புக்குப் பின்னால் ஒரு ‘2’ போட்டால் பாதி விளம்பரம் அங்கேயே முடிந்தது. முன்பெல்லாம் ஏரியா ஏரியாவாக விநியோகஸ்தர் முன்பணம் கொடுப்பார். இப்போது ஓ.டி.டி., டி.வி., ஆடியோ, இந்தி டப்பிங் என்று ஒவ்வொரு உரிமையாக ரிலீசுக்கு முன்பே பேசி முடிக்கிறார்கள். பேரம் பேச உட்காருகிறவருக்கு ஸ்கிரிப்ட் படிக்க நேரம் இல்லை. ஓடின படத்தின் பெயர் தெரியும். அது போதும்.

நகையை வைத்து பணம் வாங்குகிற மாதிரிதான் இது. முதல் பாகம் நகை. அதை அடகு வைத்து இரண்டாம் பாகத்துக்குப் பணம் வாங்குகிறார்கள். மீட்க முடியாமல் போனால் முதல் பாகத்தின் நல்ல பெயரும் சேர்ந்து மூழ்கிப்போகும்.

அந்த அடகில் நம்முடைய பங்கும் இருக்கிறது. முதல் மூன்று நாள் வசூல்தான் இன்றைக்குக் கணக்கு. படம் எப்படி என்று யாருக்கும் தெரிவதற்கு முன்பே, பெயரை நம்பி டிக்கெட், ஆன்லைன் சார்ஜ், பார்க்கிங், பாப்கார்ன் என்று குடும்பத்தோடு போகிறவன் மாதச் சம்பளக்காரன். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் ஒரு வாரத்து மளிகை சாமான் காசு.

‘இந்தியன் 2’ படுத்திய பாடு

இந்த வியாபாரம் எப்படியெல்லாம் கோணல் ஆகும் என்பதற்கு ‘இந்தியன் 2’ ஒன்றே போதும். என் வேலை போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு, கார்ப்பரேஷன். சினிமா செய்தி என் பீட் இல்லை. ஆனால் இந்தப் படம் சினிமா பக்கத்தை விட்டு என் பக்கத்துக்கே வந்துவிட்டது.

1996-ல் ஷங்கர், கமல் கூட்டணியில் ‘இந்தியன்’ வந்தது. ஏ.எம்.ரத்னம் தயாரிப்பு. சுஜாதா வசனம். ஏ.ஆர்.ரகுமான் பாட்டு. லஞ்சம் வாங்குகிறவனைக் கத்தியால் குத்தும் சேனாபதி தாத்தாவைப் பார்த்து, ஆர்.டி.ஓ. ஆபீசிலும் தாலுகா ஆபீசிலும் கால் கடுக்க நின்றவன் எல்லாம் கை தட்டினான்.

2019 ஜனவரியில் இரண்டாம் பாகத்துக்கு கேமரா சுழன்றது. தயாரிப்பு லைகா. 2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லி அருகே ஈ.வி.பி. பிலிம் சிட்டியில் செட் வேலை நடந்துகொண்டிருந்தபோது ராட்சத கிரேன் சரிந்து விழுந்தது. மூன்று பேர் அந்த இடத்திலேயே பலி. பல பேருக்குக் காயம்.

இறந்தவர்களில் உதவி டைரக்டரும் உண்டு, செட்டில் கைவேலை பார்த்தவர்களும் உண்டு. வழக்கு மத்திய குற்றப்பிரிவுக்குப் போனது. ஷங்கரும் கமலும் வேப்பேரி கமிஷனர் ஆபீசுக்கு விசாரணைக்குப் போய் வந்தார்கள். இறந்தவர் குடும்பங்களுக்கு கமல் ஒரு கோடி அறிவித்தார். லைகாவும் நிதி அறிவித்தது.

அடுத்த மாதமே கொரோனா. ஷூட்டிங் கட்.

2021-ல் ஐகோர்ட்டு. படத்தை முடித்துக் கொடுக்காமல் ஷங்கர் வேறு படம் எடுக்கக் கூடாது என்று லைகா வழக்குப் போட்டது. பேசின பட்ஜெட் 150 கோடி, செலவானது 236 கோடி என்பது கம்பெனி தரப்பு வாதம். சமரசம் பேச சுப்ரீம் கோர்ட்டு ஓய்வுபெற்ற நீதிபதி பானுமதியை நியமித்தார்கள். ஒரு சினிமாவுக்கு!

அதே 2021-ல் விவேக் போனார். நெடுமுடி வேணு போனார். 2023-ல் மனோபாலா போனார், மாரிமுத்து போனார். நால்வரும் இந்தப் படத்தில் நடித்தவர்கள். 2022 ஆகஸ்டில் மறுபடி ஷூட்டிங் தொடங்கி, ஒருவழியாக 2024 ஜூலை 12-ல் படம் வந்தது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். நீளம் தாங்கவில்லை என்று ஜனங்கள் முகம் சுளித்ததும் ரிலீசுக்குப் பிறகு 12 நிமிஷம் வெட்டினார்கள்.

ஏன் எடுபடவில்லை? என் கணக்கு இது. சுஜாதா 2008-லேயே காலமாகிவிட்டார். பாட்டு அனிருத். தயாரிப்பாளர் வேறு. முதல் பாகத்தில் இருந்து வந்தவை தலைப்பு, டைரக்டர், கமலின் தாத்தா வேஷம், இவ்வளவுதான். சுதந்திரப் போராட்டத்தில் கலந்துகொண்ட தாத்தாவுக்கு 2024-ல் நூறு வயது தாண்டியிருக்குமே, அவர் எப்படி ஒற்றைச் சக்கர வண்டியில் பறக்கிறார் என்று பள்ளிக்கூடப் பையன்கூடக் கேட்டான். 1996-ல் தாத்தா நம் கியூவில் நின்றவர். 2024-ல் அவர் எங்கேயோ மேலே நின்று நமக்குப் பாடம் நடத்துகிறார். கைதட்டல் எப்படி வரும்?

இதிலே வேடிக்கை, படம் முடிந்ததும் ‘இந்தியன் 3’ முன்னோட்டம் போட்டார்கள். 2025 முடிகிற வரை அந்த மூன்றாம் பாகம் தியேட்டர் வாசலை மிதிக்கவில்லை. இரண்டாவதே விற்காதபோது மூன்றாவதை யார் எடுத்து வைத்துக்கொள்வது?

பக்கத்துத் தெரு பேய்

‘இந்தியன் 2’ வந்த அடுத்த மாதம், ஆகஸ்டு 15-ந் தேதி இன்னொரு இரண்டாம் பாகம் வந்தது. ‘டிமான்ட்டி காலனி 2’.

இது நம்ம பேட்டை சமாச்சாரம். டிமான்ட்டி காலனி என்பது ராஜா அண்ணாமலைபுரத்தை ஒட்டி, ஆழ்வார்பேட்டை செயின்ட் மேரீஸ் ரோடு பக்கம் உள்ள நிஜமான இடம். ஜான் டிமான்ட்டி என்ற போர்ச்சுக்கீசிய வியாபாரி பெயரில் அமைந்தது. அவர் தன் சொத்தைத் திருச்சபைக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். அங்கே இருந்த பழைய வீடுகள் வருஷக்கணக்கில் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்தன. பூட்டின வீடு, பெரிய மரம், வெளிச்சம் குறைந்த தெரு. பேய்க் கதை முளைக்க வேறென்ன வேண்டும்?

உள்ளதைச் சொல்கிறேன்: இருட்டில் அந்தப் பக்கம் நடப்பவருக்குப் பேயை விட தெருநாயும் திறந்து கிடக்கும் மழைநீர் வடிகாலும்தான் ஆபத்து.

அஜய் ஞானமுத்து என்ற புது டைரக்டர் அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு 2015-ல் ‘டிமான்ட்டி காலனி’ எடுத்தார். அருள்நிதி ஹீரோ. நாலு நண்பர்கள் அந்தப் பங்களாவுக்குள் போய் ஒரு சங்கிலியோடு வந்துவிடுகிறார்கள். அப்புறம் சொந்த வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறார்கள். கதையின் பெரும்பகுதி ஒரே வீட்டுக்குள். குறைந்த செலவு. நல்ல ஓட்டம்.

அதே டைரக்டர் பிறகு ‘இமைக்கா நொடிகள்’, ‘கோப்ரா’ என்று பெரிய படங்களுக்குப் போனார். 2022-ல் ‘கோப்ரா’ கை கொடுக்கவில்லை. திரும்பவும் பேயிடம் வந்தார். 2024-ல் ஜனங்கள் வந்தார்கள். 2025-ல் மூன்றாம் பாகத்துக்கு ஷூட்டிங் தொடங்கியது.

பெரிய தாத்தா தடுக்கி விழுந்தார். சின்னப் பேய் எழுந்து நின்றது. ஐந்தே வாரத்தில், இதே ஊரில்.

‘முனி’ 2007-ல் வந்தது. அதில் இருந்து ‘காஞ்சனா’ 2011, 2015, 2019 என்று லாரன்ஸ் நாலு தடவை பயமுறுத்திவிட்டார். சுந்தர்.சி.யின் ‘அரண்மனை’ 2014, 2016, 2021, 2024 என்று நாலு. விமர்சகர்கள் என்ன திட்டினாலும் லீவு நாளில் குழந்தைகளோடு கூட்டம் நிற்கிறது.

யோசித்துப் பார்த்தால் காரணம் தெரியும். பேய்க்கு வயதாகாது. கால்ஷீட் கேட்காது. சம்பளத்தை ஏற்றாது. முந்தின பாகத்தில் எரித்தாலும் அடுத்த பாகத்தில் வரலாம், யாரும் லாஜிக் கேட்க மாட்டார்கள். ஒவ்வொரு பாகமும் தனிக்கதை. முன்னாடி பார்க்காதவனும் போய் உட்காரலாம். கல்யாணராமன் காலத்திலேயே தெரிந்த ரகசியம்தான்.

போலீஸ்காரருக்கும் இது ஓரளவு பொருந்தும். சூர்யாவின் ‘சிங்கம்’ 2010, 2013, 2017 என்று மூன்று வந்ததற்கு அதுதான் வசதி. ஊர் மாற்றம் ஆனால் புது வழக்கு, புது வில்லன். ஆனால் மூன்றாவதில் சத்தம்தான் கூடியிருந்தது.

மலையாளத்தில் இதை ஒழுங்காகச் செய்கிறார்கள். மம்முட்டியின் சி.பி.ஐ. சேதுராமய்யர் 1988-ல் வந்தார். 2022 வரை ஐந்து பாகம். ஐந்துக்கும் டைரக்டர் கே.மது, கதை எஸ்.என்.சுவாமி. ‘திரிஷ்யம்’ இரண்டாம் பாகத்தையும் முதல் பாகம் எழுதிய ஜீத்து ஜோசப்தான் எழுதினார். கதை தோன்றினால் எடுக்கிறார்கள். நம் ஊரில் முதலில் தேதி, பிறகு போஸ்டர், கடைசியில் கதை.

போஸ்டரோடு நின்றவை

2021 புத்தாண்டு அன்று ‘ஆயிரத்தில் ஒருவன் 2’ போஸ்டர் வந்தது. செல்வராகவன் டைரக்ஷன், தனுஷ் ஹீரோ, 2024-ல் வரும் என்று வருஷத்தையே போட்டார்கள். 2024 வந்தது, போனது. படம் வரவில்லை. ‘தனி ஒருவன் 2’ 2018-ல் ஒரு தடவை, 2023-ல் ஒரு தடவை என்று இரண்டு முறை அறிவிக்கப்பட்டது. ‘தசாவதாரம்’ பல்ராம் நாயுடுவை வைத்து கமல் 2016-ல் தொடங்கிய ‘சபாஷ் நாயுடு’, அந்த ஜூலையில் அவர் ஆழ்வார்பேட்டை ஆபீஸ் மாடிப்படியில் தவறி விழுந்து காலில் அடிபட்டதோடு நின்றுபோனது.

அறிவிப்பால் நல்லதும் ஒன்று நடந்திருக்கிறது. 2020 ஏப்ரலில் ‘சந்திரமுகி 2’-க்காக வாங்கிய அட்வான்சில் இருந்து மூன்று கோடியை கொரோனா நிவாரணத்துக்குக் கொடுப்பதாக லாரன்ஸ் அறிவித்தார். படம் பிறகு கம்பெனி மாறி 2023-ல்தான் வந்தது. ஓட்டத்தில் 2005 ‘சந்திரமுகி’யின் நிழலைக்கூடத் தொடவில்லை.

(இந்தப் பேட்டைக்காரர்களைக் கேட்டால் அவர்கள் காத்திருக்கும் இரண்டாம் பாகம் சினிமாவே இல்லை. மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டம்! 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். மந்தைவெளி, கிரீன்வேஸ் ரோடு என்று தோண்டியதில் பஸ் சுற்றின சுற்று கொஞ்சமா? அதற்கும் டிரெய்லர் நிறையவே பார்த்தாச்சு.)

ஒரு படத்துக்குள் இன்னொரு படம்

இப்போது புதுசாக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். லோகேஷ் கனகராஜ் 2019-ல் கார்த்தியை வைத்து ‘கைதி’ எடுத்தார். 2022-ல் கமலை வைத்து ‘விக்ரம்’. அந்தத் தலைப்பும் பாத்திரமும் 1986 கமல் படத்தில் இருந்து வந்தவை. ‘கைதி’ போலீஸ் அதிகாரி ‘விக்ரம்’ படத்துக்குள் வருகிறார். 2023-ல் விஜய்யின் ‘லியோ’விலும் பழைய ஆள் தலைகாட்டுகிறார். ஒரு கதைக்குப் பின்னால் இன்னொன்று என்று வரிசையாகப் போகாமல், ஒரு தெருவில் பல வீடு மாதிரி எல்லாம் பக்கத்தில் பக்கத்தில்.

கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பார்க்கிறவன் பாடு? முன்பு ஒரு டிக்கெட் வாங்கினால் ஒரு கதை முழுசாகக் கிடைத்தது. இப்போது பாதிக் கதையைக் காட்டிவிட்டு, மீதிக்கு இன்னொரு டிக்கெட் என்கிறார்கள். ‘கைதி’ முடிந்த இடத்தில் இருந்து டில்லிக்கு என்ன ஆனது என்று 2019-ல் கேட்ட ரசிகன் கல்யாணம் ஆகி, குழந்தை பெற்று, பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டான்.

‘பொன்னியின் செல்வன்’ கணக்கு வேறு. கல்கியின் கதையே ஐந்து பாகம். இரண்டு படத்தையும் சேர்த்தே எடுத்து, 2022 செப்டம்பர், 2023 ஏப்ரல் என்று ஏழு மாத இடைவெளியில் கொடுத்து முடித்தார் மணிரத்னம். சொன்னபடி கொடுத்தால் ஜனங்கள் காத்திருப்பார்கள்.

அடுத்தது எது?

2025-ல் மட்டும் ‘ஜெயிலர் 2’ மார்ச்சில் கிளம்பியது. நயன்தாராவின் ‘மூக்குத்தி அம்மன் 2’ பூஜையும் அதே மார்ச்சில். முதல் பாகம் நேராக ஓ.டி.டி.யில் வந்த படம் என்பது ஞாபகம் இருக்கட்டும். ‘காஞ்சனா 4’ வேலையும் நடந்தது.

‘ஜெயிலர்’ பற்றி எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. முதல் பாகம் வந்து இரண்டு வருஷத்துக்குள் அதே நெல்சன், அதே சன் பிக்சர்ஸ், அதே ரஜினி, அதே அனிருத். கூட்டணி கலையவில்லை. பெரியவர் வேஷத்தில் பெரியவராகவே வந்ததால் வயதுக் கணக்கும் இடிக்காது. பயம் ஒன்றுதான். முதல் பாகத்தில் மோகன்லாலும் சிவராஜ்குமாரும் வந்து நின்ற சில நிமிஷத்துக்கு தியேட்டர் அதிர்ந்ததே, அதை நம்பி இந்த முறை ஊரிலுள்ள ஹீரோ எல்லாரையும் கூட்டி வந்தால் கதைக்கு இடம் இருக்காது.

‘சர்தார் 2’ சமாச்சாரம் திரும்பவும் என் பீட்டுக்கே வருகிறது. 2024 ஜூலையில் சாலிகிராமத்தில் சண்டைக்காட்சி வேலை. சுமார் இருபது அடி உயரத்தில் இருந்து ஸ்டண்ட் கலைஞர் ஒருவர் தவறி விழுந்தார். ஆஸ்பத்திரியில் உயிர் போனது. விருகம்பாக்கம் போலீஸ் விசாரித்தது.

இரண்டாம் பாகம் என்பதால்தான் ஆள் விழுந்தார் என்று சொல்ல முடியாது. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் அருகே வேறொரு படத்துக்காக காரைப் பறக்கவிட்ட ஸ்டண்ட் கலைஞரும் இறந்தார். அதற்கு முதல் பாகம் ஏதும் இல்லை. ஆனால் ஒன்று உண்டு. இரண்டாம் பாகம் என்றாலே முதல் பாகத்தை விட உயரமான செட், பெரிய கிரேன், நீளமான சண்டை. போன தடவை பத்து அடி குதித்தால் இந்தத் தடவை இருபது அடி. குதிப்பது ஹீரோ இல்லை. ஹீரோவின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கும், தினக்கூலி வாங்குகிற ஆள்.

ஈ.வி.பி.யில் கிரேன் விழுந்தபோதும், சாலிகிராமத்தில் ஆள் விழுந்தபோதும் ஷூட்டிங் நின்றது. பிறகு தொடங்கியது. ‘இந்தியன் 2’ ரிலீஸ் அன்று காலைக் காட்சிக்கு பாலாபிஷேகம் நடந்த தியேட்டர்களில், 2020 பிப்ரவரியில் அந்த செட்டில் செத்த மூன்று பேருக்கு ஒரு பேனர்கூட என் கண்ணில் படவில்லை.